பிரபஞ்சம் விரிவடைகிறது என்றால் என்ன? மையம் எது, விளிம்பு எது... நிலவு விலகிப் போவதும் இதனால்தானா?

‘பிக் பேங்’ என்று யூடியூபில் தேடினால் வரும் வீடியோக்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும். திரை முழுக்க இருட்டு. நடுவில் ஒரு சின்ன வெளிச்சப் புள்ளி. அடுத்த நொடி ‘டமார்’ என்று ஒரு வெடி. நெருப்புத் துண்டுகள் நாலா பக்கமும் சிதறிப் பறக்கும். அவையே நட்சத்திரங்களாகவும் கேலக்ஸிகளாகவும் மாறும். டிவி சேனல் கிராஃபிக்ஸும் இதற்கு விலக்கல்ல.

பார்க்க ஜோராக இருக்கும். ஆனால், பிரபஞ்ச விரிவு பற்றிய குழப்பங்களில் முக்கால்வாசி இந்த ஒரு காட்சியில் இருந்துதான் பிறக்கிறது. வெடி என்றால் வெடித்த இடம் என்று ஒன்று இருக்க வேண்டுமே, அது எங்கே? சிதறிய துண்டுகள் போய்ச் சேரும் வெளி எது? பிரபஞ்சமே விரிகிறது என்றால் வீடு, தெரு, நாம் எல்லாரும் விரிகிறோமா? ஒளியை விட வேகமாக எதுவும் போக முடியாது என்று ஐன்ஸ்டீன் சொன்னது பொய்யா?

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் இருக்கிறது. ஆனால் அதற்கு முன் அந்த ‘டமார்’ காட்சியை மனதில் இருந்து அழித்துவிட வேண்டும்.

சரி, விரிவது எது?

தையல் கடையில் கிடைக்கும் எலாஸ்டிக் பட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பேனாவால் 1 செ.மீ இடைவெளியில் வரிசையாகப் புள்ளிகள் வையுங்கள். ஏதாவது ஒரு புள்ளியில் ஒரு எறும்பு உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இப்போது பட்டையை இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுங்கள்.

எறும்புக்கு என்ன தெரியும்? 1 செ.மீ தள்ளி இருந்த பக்கத்துப் புள்ளி இப்போது 2 செ.மீ தள்ளி இருக்கிறது. அதாவது 1 செ.மீ விலகிவிட்டது. 2 செ.மீ தள்ளி இருந்த புள்ளி 4 செ.மீ தூரத்துக்குப் போய்விட்டது. அது விலகியது 2 செ.மீ. 5 செ.மீ தள்ளி இருந்தது 10 செ.மீக்குப் போயிருக்கிறது. எல்லாம் நடந்தது ஒரே நேரத்தில். ஆக, எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவு வேகமாக விலகுகிறது.

எறும்பு, ‘எல்லாரும் என்னை விட்டுத்தான் ஓடுகிறார்கள், அப்போ நான்தான் நடு’ என்று முடிவு கட்டலாம். ஆனால் அதே எறும்பைத் தூக்கி வேறு ஒரு புள்ளியில் வைத்தாலும் இதே காட்சிதான் தெரியும். எந்தப் புள்ளியும் பட்டையின் மேல் ஊர்ந்து போகவில்லை. இடைப்பட்ட எலாஸ்டிக்தான் நீண்டிருக்கிறது.

பிரபஞ்ச விரிவு என்று விஞ்ஞானிகள் சொல்வது இதைத்தான். கேலக்ஸிகள் ஏதோ ஒரு இடத்தில் இருந்து புறப்பட்டு வெளியே பறந்துகொண்டிருக்கவில்லை. அவற்றுக்கு இடையே உள்ள தூரம் எல்லா இடத்திலும் வளர்கிறது. இன்றைய அளவீட்டின்படி ஒவ்வொரு 32.6 லட்சம் ஒளியாண்டு தூரத்துக்கும் விலகும் வேகம் நொடிக்கு சுமார் 70 கி.மீ வீதம் கூடுகிறது. இந்த எண்ணுக்குத்தான் ஹப்பிள் மாறிலி என்று பெயர். ஒரு ஒளியாண்டு என்பது ஒளி ஒரு வருடத்தில் கடக்கும் தூரம், சுமார் 9.5 லட்சம் கோடி கி.மீ.

எலாஸ்டிக் உதாரணத்திலும் ஒரு ஓட்டை உண்டு. பட்டைக்கு இரண்டு முனை இருக்கிறது, இழுக்க இரண்டு கை இருக்கிறது. பிரபஞ்சத்துக்கு இரண்டும் கிடையாது. பள்ளியில் சொல்லித்தரும் பலூன் உதாரணத்திலும் இதே சிக்கல்தான். பலூனின் மேல் ஒட்டிய பொட்டுகள் ஒன்றை விட்டு ஒன்று விலகும் என்பது சரி. ஆனால் பலூனுக்கு உள்ளே காற்று இருக்கிறது, நடு இருக்கிறது, வெளியே அறை இருக்கிறது. அந்த உதாரணத்தில் ரப்பர் தோல் மட்டும்தான் பிரபஞ்சம், மற்றதையெல்லாம் கணக்கில் எடுக்கக் கூடாது. அதைச் சொல்லாமல் விட்டுவிடுவதால்தான் ‘பலூனுக்கு நடுவில் என்ன இருக்கு?’ என்று மாணவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

பெருவெடிப்பு நடந்த இடம் எது?

எல்லா இடமும். நீங்கள் உட்கார்ந்து இதைப் படிக்கும் இடம் உட்பட.

விளையாட்டுப் பேச்சு இல்லை. விரிவை அப்படியே பின்னோக்கி ஓட்டிப் பார்த்தால், இன்று பார்க்க முடிகிற எல்லா இடங்களும் சுமார் 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் மிக மிக நெருக்கமாக, மிகக் கடுமையான வெப்பத்தில் இருந்தன. அந்த நெருக்கம் வெற்று வெளியின் ஒரு மூலையில் இருக்கவில்லை. வெளி முழுக்கவே அப்படித்தான் இருந்தது.

இதற்கு நேரடியான சாட்சி ஒன்று உண்டு. 1964-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஹோம்டெல் என்ற இடத்தில் பெல் ஆய்வகத்தின் ஒரு பெரிய ஆன்டெனாவை வைத்து ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் இருவரும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அதில் ஒரு மெல்லிய இரைச்சல் விடாமல் வந்தது. நகரத்தின் பக்கம் திருப்பினாலும் வந்தது, வானத்தின் பக்கம் திருப்பினாலும் வந்தது. பகல், இரவு, கோடை, குளிர் எதுவும் அதை மாற்றவில்லை. ஆன்டெனாவுக்குள் புறாக்கள் கூடு கட்டி எச்சம் போட்டிருப்பதைப் பார்த்து, அதுதான் காரணம் என்று நினைத்துத் துடைத்தெல்லாம் பார்த்தார்கள். இரைச்சல் போகவில்லை.

அது பிரபஞ்சம் பிறந்து சுமார் 3.8 லட்சம் ஆண்டுகள் ஆனபோது கிளம்பிய ஒளியின் மிச்சம். அன்று பிரபஞ்சம் முழுக்க சுமார் 3,000 கெல்வின் சூடு இருந்தது. இடையில் வெளி சுமார் 1,100 மடங்கு நீண்டுவிட்டதால், அந்த ஒளியும் நீண்டு, ஆறி, இன்று வெறும் 2.7 கெல்வின் வெப்பநிலையில் மைக்ரோவேவ் அலையாக வந்து சேர்கிறது. அதாவது மைனஸ் 270 டிகிரி செல்சியஸ். இதற்காக இருவருக்கும் 1978-ல் நோபல் பரிசு கிடைத்தது. கேபிள், செட்டாப் பாக்ஸ் எல்லாம் வருவதற்கு முன், ஆன்டெனா டிவியில் சேனல் இல்லாத இடத்தில் புள்ளி புள்ளியாக ஓடுமே, அந்தப் புள்ளிகளில் ஒரு சிறு பங்கு இந்த ஒளியின் வேலைதான்.

கவனிக்க வேண்டியது இதுதான்: அந்த ஒளி எல்லாத் திசையிலிருந்தும் ஒரே மாதிரி வருகிறது. ஒரு இடத்தில் வெடித்த குண்டாக இருந்தால் சூடு ஒரு பக்கத்தில் இருந்து மட்டும்தானே வர வேண்டும்? பூமியின், சூரியனின் சொந்த ஓட்டத்தால் வரும் சிறு வித்தியாசத்தைக் கழித்துவிட்டால், வானத்தின் எந்தப் பக்கம் பார்த்தாலும் வெப்பநிலை லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் மாறுகிறது.

‘பிக் பேங்’ என்ற பெயருக்கும் இந்தக் குழப்பத்தில் பங்கு உண்டு. பெயரை வைத்தவர் அந்தக் கொள்கையை ஏற்காதவர். பிரிட்டன் வானியலாளர் ஃப்ரெட் ஹாயில் 1949 மார்ச்சில் பிபிசி வானொலியில் பேசும்போது, நேயர்களுக்குச் சட்டென்று புரியட்டும் என்று போட்ட வார்த்தை அது. தமிழில் அது ‘பெருவெடிப்பு’ ஆனபோது குண்டுச் சத்தம் இன்னும் கூடிவிட்டது. ஆனால் தமிழில் பட்டாசு மட்டுமா வெடிக்கிறது? பருத்திக்காயும் வெடிக்கும், கோடையில் வயல் முழுக்க நிலமும் வெடிக்கும். அந்த அர்த்தத்தில் எடுத்துக்கொண்டால் கொஞ்சம் தேவலை.

ஹாயில் பற்றி இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. அவர் பிரபஞ்சம் விரிவதையே மறுத்தார் என்று பலர் எழுதுகிறார்கள். அவர் விரிவை மறுக்கவில்லை. பிரபஞ்சம் விரிகிறது, ஆனால் அதற்குத் தொடக்கம் கிடையாது, இடைவெளி கூடக்கூட புதுப் பொருள் உருவாகி நிரப்பிக்கொண்டே இருக்கிறது என்பதுதான் 1948-ல் ஹெர்மன் பாண்டி, தாமஸ் கோல்ட் ஆகியோரும் ஹாயிலும் முன்வைத்த கொள்கை. இந்திய விஞ்ஞானி ஜெயந்த் நார்லிகர் பின்னாளில் ஹாயிலுடன் சேர்ந்து வேலை செய்ததும் இந்த வழியில்தான். ஆக, விரிவு வேறு, பெருவெடிப்பு வேறு. முதலாவது அளந்து பார்த்த விஷயம். இரண்டாவது அதிலிருந்தும் மற்ற சாட்சிகளில் இருந்தும் வந்து சேர்ந்த முடிவு.

விரிவது என்றால், எதற்குள் விரிகிறது?

பானைக்குள் சோறு பொங்குகிறது, அறைக்குள் பலூன் ஊதுகிறது. நாம் பார்த்த எல்லாப் பொருளும் ஏதோ ஒன்றுக்குள்தான் பெரிதாகிறது. அதனால் இந்தக் கேள்வி வருவது இயல்பு.

கணக்கு வகுப்பில் போட்ட எண்கோட்டை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 1, 2, 3 என்று முடிவே இல்லாமல் போகும் கோடு. அதில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் இரண்டால் பெருக்குங்கள். 1 இருந்த புள்ளி 2-க்குப் போகும், 2 இருந்தது 4-க்கு, 3 இருந்தது 6-க்கு. எல்லா இடைவெளியும் இரட்டிப்பாகிவிட்டது. இதற்குக் கோட்டுக்கு வெளியே இடம் தேவைப்பட்டதா? இல்லை. கோடு முதலிலும் முடிவில்லாதது, இப்போதும் முடிவில்லாதது.

பிரபஞ்சம் உண்மையிலேயே முடிவில்லாததா என்பது இன்னும் தீராத கேள்வி. ஆனால் அது முடிவுள்ளதாகவே இருந்தாலும், விரிவதற்கு வெளியே ஒரு காலி மனை வேண்டும் என்று ஐன்ஸ்டீனின் சமன்பாடுகள் எங்கும் கேட்கவில்லை. அளக்கப்படுவது உள்ளே இருக்கும் தூரங்கள்தான்.

அப்போ நாமும் விரிகிறோமா? நிலவு விலகுவது ஏன்?

நாம் விரியவில்லை. வயது ஏற ஏற இடுப்பு விரிந்தால் அதற்குக் காரணம் வேறு.

அணுக்களை மின்விசை பிடித்து வைத்திருக்கிறது. பூமியை, சூரியக் குடும்பத்தை, பால்வெளி மண்டலத்தை ஈர்ப்பு விசை கட்டி வைத்திருக்கிறது. இங்கேதான் பலரும் ஒரு படி தவறுகிறார்கள். ‘விரிவு நம்மையும் இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது, ஈர்ப்பு விசை எதிர்த்து நின்று சமாளிக்கிறது’ என்று ஒரு கயிறு இழுக்கும் போட்டி போல விளக்குவார்கள். அப்படியும் இல்லை. விரிவு என்பது ஒரு விசை கிடையாது. ஒரு பகுதியில் பொருள் போதுமான அளவுக்குச் சேர்ந்து ஈர்ப்பால் கட்டுண்டுவிட்டால், அந்தப் பகுதி விரிவில் இருந்து கழன்றுவிடுகிறது. அங்கே நீள்வதற்கு எதுவும் மிச்சம் இல்லை.

இப்போது நிலவுக்கு வருவோம். நிலவு ஆண்டுக்கு சுமார் 3.8 செ.மீ வீதம் பூமியை விட்டு விலகுகிறது. 1969 முதல் அப்போலோ வீரர்கள் அங்கே வைத்துவிட்டு வந்த கண்ணாடிகள் மீது லேசர் அடித்து, அது திரும்பி வரும் நேரத்தை வைத்து அளந்த உண்மை இது. ‘பிரபஞ்சம் விரிவதால்தான் நிலவு விலகுகிறது’ என்று சோஷியல் மீடியாவில் சுற்றும் பதிவுகள் தப்பு.

ஆனால் இந்தத் தப்பு ஏன் நம்பும்படி இருக்கிறது என்பதற்கு ஒரு சுவாரஸ்யமான காரணம் உண்டு. நிலவின் தூரம் சுமார் 3,84,400 கி.மீ. ஹப்பிள் மாறிலியை எடுத்து இந்தத் தூரத்துக்குப் போட்டுப் பார்த்தால் ஆண்டுக்கு சுமார் 2.7 செ.மீ என்று விடை வரும். 3.8-க்குப் பக்கத்தில்தானே இருக்கிறது! கால்குலேட்டரை எடுத்துக் கணக்குப் போட்ட ஒருவர், ‘பாருங்க, கிட்டத்தட்ட சரியா வருது’ என்று நம்பிவிட வாய்ப்பு இருக்கிறது.

இது தற்செயல். எப்படிச் சொல்ல முடியும்? அதே கணக்கை சூரியனுக்குப் போடுங்கள். சூரியன் சுமார் 15 கோடி கி.மீ தூரத்தில் இருக்கிறது. விரிவு இங்கேயும் வேலை செய்தால் பூமி ஆண்டுக்கு 10 மீட்டருக்கும் மேல் சூரியனை விட்டு விலக வேண்டும். 1976-ல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்கள் தொடங்கி, கிரகங்களுக்கு இடையிலான தூரங்கள் ரேடியோ சிக்னல் மூலம் சில மீட்டர் துல்லியத்தில் அளக்கப்பட்டு வருகின்றன. ஆண்டுக்கு 10 மீட்டர் என்றால் அது கண்ணில் படாமல் தப்பவே முடியாது. அப்படி ஒரு விலகல் இல்லை.

நிலவு விலகுவதற்குக் காரணம் நம் கடல்தான். நிலவின் ஈர்ப்பால் கடல்நீர் மேலெழும்புகிறது. பூமி வேகமாகச் சுழல்வதால் அந்த மேடு நிலவுக்குச் சற்று முன்னால் போய்விடுகிறது. அந்த மேட்டின் ஈர்ப்பு நிலவை முன்னோக்கி லேசாக இழுத்துவிட, நிலவு கொஞ்சம் கொஞ்சமாக வெளிவட்டத்துக்கு நகர்கிறது. அதற்கு விலையாகப் பூமியின் சுழற்சி குறைகிறது. நூறு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நாளின் நீளம் சுமார் 2 மில்லி நொடி கூடுகிறது. மெரினாவிலும் ராமேஸ்வரத்திலும் ஏறி இறங்கும் அதே அலைஏற்றம்தான் இந்த வேலையைப் பார்க்கிறது.

இன்னும் பெரிய உதாரணம் வேண்டுமா? பக்கத்துப் பெரிய கேலக்ஸியான ஆண்ட்ரோமீடா சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அது விலகவில்லை. பால்வெளியை நோக்கி நொடிக்கு சுமார் 110 கி.மீ வேகத்தில் வந்துகொண்டிருக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று ஈர்ப்பால் கட்டுண்டவை. இரண்டும் மோதியே தீரும் என்று நீண்டகாலமாகச் சொல்லப்பட்டு வந்தது. ஹப்பிள், கையா தொலைநோக்கிகளின் தரவுகளை வைத்து 2025-ல் வெளியான ஓர் ஆய்வு, அடுத்த 1,000 கோடி ஆண்டுகளுக்குள் மோத வாய்ப்பு பாதிக்குப் பாதிதான் என்கிறது. மோதினாலும் மோதாவிட்டாலும் விலகி ஓடப்போவதில்லை. விரிவு தன் வேலையைக் காட்டுவது இதைவிடப் பெரிய அளவில், கேலக்ஸிக் கூட்டங்களுக்கு இடையே.

ஒளியை விட வேகமா? ஐன்ஸ்டீன் தோற்றுவிட்டாரா?

தூரம் கூடக்கூட விலகும் வேகமும் கூடுகிறது என்றால், ஏதோ ஒரு தூரத்தில் அது ஒளியின் வேகத்தைத் தொட்டுவிட வேண்டும். தொடுகிறது. நொடிக்கு 3 லட்சம் கி.மீயை 70 கி.மீ கணக்கால் வகுத்துப் பார்த்தால் சுமார் 1,400 கோடி ஒளியாண்டு வருகிறது. அதற்கு அப்பால் உள்ள கேலக்ஸிகள் நம்மை விட்டு ஒளியை விட வேகமாக விலகுகின்றன.

ஐன்ஸ்டீன் விதித்த தடை வேறு. ஒரே இடத்தில் ஒளிக்கதிரும் ஒரு பொருளும் பந்தயம் ஓடினால், பொருள் ஜெயிக்க முடியாது. அவ்வளவுதான். அந்தத் தூரத்து கேலக்ஸி அதன் தெருவில் சும்மாதான் இருக்கிறது. பக்கத்தில் போகும் ஒளியை அது முந்தவில்லை. அங்கிருந்து பார்க்கும் ஒருவருக்கு நம் பால்வெளிதான் ஒளியை விட வேகமாக ஓடுகிறது. நாம் இங்கே அசைவதாக உணர்கிறோமா என்ன?

சரி, ஒளியை விட வேகமாக விலகும் கேலக்ஸியின் ஒளி நம்மிடம் வரவே வராது என்றுதானே தோன்றும்? இது கொஞ்சம் படித்தவர்களும் சறுக்கும் இடம். அவற்றில் நிறைய கேலக்ஸிகளை தொலைநோக்கிகள் படமே எடுத்திருக்கின்றன.

மாலில் கீழே இறங்கும் எஸ்கலேட்டரில் ஒருவர் மேல்நோக்கி ஏற முயற்சிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எஸ்கலேட்டர் அவரை விட வேகமாக இறங்கும்வரை, அவர் ஏறினாலும் கீழேதான் போவார். ஆனால் எஸ்கலேட்டரின் வேகம் மெல்லக் குறைந்தால்? ஒரு கட்டத்தில் அப்படியே நிற்பார், பிறகு மேலே வர ஆரம்பித்துவிடுவார். பிரபஞ்ச விரிவின் விகிதம் ஆரம்ப காலத்தில் மிக அதிகம், பிறகு தொடர்ந்து குறைந்தது. அதனால் முதலில் நம்மை விட்டுப் பின்னோக்கி அடித்துச் செல்லப்பட்ட ஒளிக்கதிர்கள் பல, பிறகு முன்னேறி வந்து சேர்ந்துவிட்டன.

பென்சியாஸும் வில்சனும் பிடித்த அந்தப் பழைய ஒளியே இதற்குச் சாட்சி. அது புறப்பட்டபோது அந்த இடம் நம் இடத்தில் இருந்து வெறும் 4.2 கோடி ஒளியாண்டு தூரத்தில்தான் இருந்தது. வந்து சேர 1,380 கோடி ஆண்டு பிடித்தது. அது வந்து சேர்ந்த இன்றைய நாளில், புறப்பட்ட இடம் சுமார் 4,600 கோடி ஒளியாண்டு தள்ளிப் போய்விட்டது.

‘வயது 1,380 கோடி ஆண்டு, அப்போ பார்க்கக்கூடிய எல்லை 1,380 கோடி ஒளியாண்டு’ என்று எழுதும் வழக்கமான தப்பும் இங்கேயே அடிபட்டுப் போகிறது. பார்க்கக்கூடிய பிரபஞ்சம் என்பது எல்லாப் பக்கமும் சுமார் 4,650 கோடி ஒளியாண்டு. அதுவும் நம் பார்வையின் எல்லைதானே தவிர, பிரபஞ்சத்தின் விளிம்பு அல்ல. கடற்கரையில் நின்று பார்க்கும்போது தெரியும் தொடுவானக் கோட்டில் கடல் முடிந்துவிடுவதில்லை. செய்திகளில் வரும் தூரங்களிலும் இதைக் கவனிக்க வேண்டும். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி கண்டறிந்து 2024-ல் அறிவிக்கப்பட்ட ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 என்ற கேலக்ஸியை ‘1,350 கோடி ஒளியாண்டு தூரத்தில்’ என்று பல தலைப்புகள் சொன்னன. 1,350 கோடி என்பது ஒளி பயணம் செய்த ஆண்டுகள். கேலக்ஸி இன்று இருக்கும் தூரம் சுமார் 3,400 கோடி ஒளியாண்டு.

வழியில் நீண்டுபோன ஒளி

இதையெல்லாம் எப்படி அளக்கிறார்கள்? ஒளியின் சிவப்பு நகர்வை வைத்து. தூரத்து கேலக்ஸியின் ஒளி, இருக்க வேண்டியதை விட நீண்ட அலைநீளத்தில், சிவப்புப் பக்கம் தள்ளி வந்து சேர்கிறது. ஆம்புலன்ஸ் நம்மைத் தாண்டிப் போனதும் சைரன் சத்தம் கட்டையாகக் கேட்பதை இதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். பக்கத்து கேலக்ஸிகளுக்கு அது ஓரளவு பொருந்தும். தூரம் போகப்போக அது போதாது. ஒளி கிளம்பிய பிறகு, வரும் வழியெல்லாம் வெளி நீண்டதன் மொத்தக் கணக்குதான் சிவப்பு நகர்வு. வெளி இரண்டு மடங்கானால் அலைநீளமும் இரண்டு மடங்கு.

‘ஒளி நீண்ட தூரம் வந்ததால் களைத்துச் சிவந்துவிட்டது, விரிவெல்லாம் கிடையாது’ என்று ஒரு வாதம் 1929-லேயே வந்தது. இன்றும் சில வீடியோக்களில் தலைகாட்டுகிறது. அதை முறியடித்தவை சூப்பர்நோவாக்கள். 20 நாளில் மங்க வேண்டிய நட்சத்திர வெடிப்பு, ஒளி இரண்டு மடங்கு நீண்டு வரும் தூரத்தில் நடந்தால் 40 நாள் எடுத்து மங்குவதாகத் தெரிகிறது. ஒளி களைத்துப் போனால் நிறம் மாறலாம், ஆனால் நிகழ்ச்சியே மெதுவாக நடப்பதாகத் தெரியாது.

கண்டுபிடித்தவர் ஹப்பிள் மட்டும்தானா?

பாதி உண்மை. அமெரிக்காவின் வெஸ்டோ ஸ்லைஃபர் 1912-லேயே கேலக்ஸிகளின் ஒளி நகர்வை அளக்கத் தொடங்கிவிட்டார். ரஷ்யாவின் அலெக்சாண்டர் ஃப்ரீட்மன் 1922-ல் ஐன்ஸ்டீன் சமன்பாடுகளில் விரியும் பிரபஞ்சம் சாத்தியம் என்று காட்டினார். பெல்ஜியத்தின் கத்தோலிக்கப் பாதிரியார் ஜார்ஜ் லெமைத்ர் 1927-ல், கேலக்ஸிகள் விலகுவது வெளி விரிவதால்தான் என்று எழுதினார். எழுதியது பிரெஞ்சில், அதிகம் பேர் பார்க்காத ஓர் இதழில். எட்வின் ஹப்பிள் தூரத்துக்கும் வேகத்துக்கும் உள்ள தொடர்பை 1929-ல் வெளியிட்டார். அதற்கு அவர் பயன்படுத்திய அளவுகோல், ஹென்ரியெட்டா லெவிட் என்ற பெண் வானியலாளர் கண்டுபிடித்தது. 2018-ல் சர்வதேச வானியல் ஒன்றியம் வாக்கெடுப்பு நடத்தி, ஹப்பிள் விதியை ஹப்பிள்-லெமைத்ர் விதி என்று அழைக்கப் பரிந்துரைத்தது.

ஹப்பிள் அன்று சொன்ன எண் 70 அல்ல, சுமார் 500. அந்தக் கணக்கில் பிரபஞ்சத்தின் வயது சுமார் 200 கோடி ஆண்டுகள்தான் வரும். பூமியின் பாறைகளே அதைவிட வயதானவை! தூரங்களை அளந்த முறையில் இருந்த பிழை 1950-களில் சரிசெய்யப்பட்ட பிறகுதான் இந்தத் தலைவலி தீர ஆரம்பித்தது.

வேகம் கூடுகிறதாமே?

ஆமாம். வெடிகுண்டுக் காட்சியை விடாப்பிடியாக வைத்திருப்பவர்கள் கடைசியாக மாட்டிக்கொள்ளும் இடமும் இதுதான். குண்டின் சில்லுகள் நேரம் போகப்போக வேகம் எடுக்குமா?

1998-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தூரத்து சூப்பர்நோவாக்களை அளந்தபோது, அவை எதிர்பார்த்ததை விட மங்கலாக, அதாவது அதிக தூரத்தில் இருந்தன. விரிவு வேகமெடுத்திருக்கிறது என்பதைத் தவிர வேறு விளக்கம் பொருந்தவில்லை. சால் பெர்ல்முட்டர், பிரையன் ஷ்மிட், ஆடம் ரீஸ் ஆகியோருக்கு 2011-ல் நோபல் கிடைத்தது. அவர்கள் அளவுகோலாக வைத்தது 1ஏ வகை சூப்பர்நோவா. வெண்குள்ளன் நட்சத்திரம் ஒரு குறிப்பிட்ட எடை எல்லையை நெருங்கும்போது நடக்கும் வெடிப்பு என்று அதை விளக்குவார்கள். சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு என்ற அந்த எல்லையைக் கணக்கிட்டவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே அந்தக் கணக்கில் இறங்கிவிட்டார்.

விரிவு எப்போதும் வேகமெடுத்துக்கொண்டே இருந்தது என்பதும் தவறு. முதல் பல நூறு கோடி ஆண்டுகள், பொருளின் ஈர்ப்பால் அது மெதுவாகிக்கொண்டுதான் வந்தது. சுமார் 500, 600 கோடி ஆண்டுகளுக்கு முன்தான் திசை மாறியது. அதற்குக் காரணமான ஒன்றுக்கு இருண்ட ஆற்றல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது என்னவென்று இன்னும் பிடிபடவில்லை. அரிசோனாவில் இயங்கும் டெசி ஆய்வின் 2024, 2025 முடிவுகள், அந்த ஆற்றல் காலப்போக்கில் பலவீனமாகி வரலாம் என்று கோடிகாட்டியுள்ளன. உறுதியாகச் சொல்ல இன்னும் தரவு வேண்டும்.

இன்னொரு தகராறும் ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய மைக்ரோவேவ் ஒளியை வைத்துக் கணக்கிட்டால் ஹப்பிள் மாறிலி 67 வருகிறது. சூப்பர்நோவாக்களை வைத்து அளந்தால் 73. சுமார் 8 சதவீத இடைவெளி, அளவீடுகள் மேம்பட்ட பிறகும் மூடவில்லை. ‘விஞ்ஞானிகளுக்கே குழப்பம், விரிவு பொய்’ என்று தலைப்பு போடுபவர்கள் இதைத்தான் எடுக்கிறார்கள். விரிகிறதா இல்லையா என்பதில் சண்டையே இல்லை. எவ்வளவு வேகமாக என்பதில்தான் சண்டை. 2022-ல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதல் படங்கள் வந்தபோதும் ‘பிக் பேங் பொய்யானது’ என்ற பதிவு உலகம் முழுக்க வைரலானது. ஆதி கேலக்ஸிகள் எதிர்பார்த்ததை விட வேகமாக வளர்ந்திருந்தன என்பதுதான் அங்கே நிஜமான ஆச்சரியம். ஆனால் அவற்றின் தூரமும் வயதும் அளக்கப்பட்டதே சிவப்பு நகர்வை வைத்து, அதாவது விரிவை வைத்துத்தான்.

இன்று சுமார் 1,600 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் கேலக்ஸிகளுக்கு, இந்த நொடியில் இங்கிருந்து ஒளியாகவே கிளம்பினாலும் போய்ச் சேர முடியாது. பார்க்கக்கூடிய கேலக்ஸிகளில் 100-க்கு சுமார் 95 அந்தக் கணக்கில் வந்துவிடுகின்றன. அவற்றில் இருந்து நமக்குத் தெரிவது முன்பே கிளம்பிவிட்ட பழைய ஒளி மட்டுமே.

விரிவு இதே போக்கில் தொடர்ந்தால் சுமார் 10,000 கோடி ஆண்டுகளுக்குப் பிறகு என்ன ஆகும் என்று இயற்பியலாளர்கள் லாரன்ஸ் கிராஸ், ராபர்ட் ஷெரர் இருவரும் 2007-ல் கணக்கிட்டார்கள். ஈர்ப்பால் கட்டுண்ட பக்கத்து கேலக்ஸிகள் ஒன்றாகச் சேர்ந்துவிடும். மற்ற எல்லாம் பார்வையில் இருந்து மறைந்துவிடும். மைக்ரோவேவ் ஒளியும் கருவியில் பிடிக்க முடியாத அளவுக்கு நீண்டுவிடும். அன்று ஒரு கிரகத்தில் இருந்து வானத்தை அளக்கும் வானியலாளர், தன்னுடைய ஒரே ஒரு கேலக்ஸியும் அதைச் சுற்றி அசையாத இருட்டும் மட்டும்தான் பிரபஞ்சம் என்று குறித்துவைப்பார். சிவப்பு நகர்வை அளந்து பார்க்க அவருக்கு இன்னொரு கேலக்ஸி இருக்காது.